ஸ்டெப்னி இருக்கா, பார்த்தீங்களா?

ஒவ்வொரு ஆகஸ்ட் மாசமும் எங்க ஊருக்கு ஒரு புது செட் பசங்க வந்து இறங்குவாங்க. ஊர் லப்பக், மேற்கு டெக்சாஸ். பருத்திக் காடு, புழுதிக் காத்து, நடுவுல ஒரு பெரிய யுனிவர்சிட்டி. வந்ததும் முதல் மாசம் வீடு தேடல், ரெண்டாவது மாசம் ஓசி மெத்தை, மூணாவது மாசம் பழைய கார். நாலு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்கறதும் உண்டு. கார் பார்க்கப் போகும்போது அவங்க கேக்கற கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம். எத்தனை மைல் ஓடியிருக்கு? டைட்டில் கிளீனா? ஏசி வேலை செய்யுதா? ப்ளூடூத் இருக்கா?

டிக்கியைத் திறந்து, அந்தக் கம்பளத்தைத் தூக்கி, அடியில என்ன இருக்குன்னு பார்த்தவங்க இது வரைக்கும் ரெண்டே பேர்தான். ரெண்டு வருஷத்துல ரெண்டு பேர்.

அதனாலதான் இந்தப் பதிவு. என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடறேன், பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம். பெரிய ஊருக்குள்ளயே ஓட்டறவங்களுக்கு ஸ்டெப்னி இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். எங்களை மாதிரி அடுத்த ஊர் 60 மைல், 100 மைல் தள்ளி இருக்கற இடத்துல, ஸ்டெப்னி இல்லாத காரை வாங்கினா அது முழுக் கார் கிடையாது. விலையில 100 டாலர் குறைச்சுக் கேளுங்க, அந்தக் காசுல ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போடுங்க. இவ்வளவுதான் சேதி. ஏன்னு கேக்கறவங்க மேல படிங்க, அவசரக்காரங்க கடைசிக்கு முந்தின பகுதிக்குப் போயிடுங்க :-)

முதல்ல அந்தப் பேரு

இங்க டயர் கடையில போய் "ஸ்டெப்னி"ன்னு சொன்னீங்கன்னா, அது யாரு உங்க ஃப்ரெண்டான்னு கேப்பான். நமக்குத்தான் அது ஸ்டெப்னி. (நம்ம சினிமாக்காரங்க அதுக்கு வேற ஒரு அர்த்தமும் வச்சிருக்காங்க, அதை விடுங்க.)

அது ஒரு தெருவோட பேரு. பிரிட்டன்ல வேல்ஸ் பகுதியில லனெத்லின்னு ஒரு ஊர். அங்க ஸ்டெப்னி ஸ்ட்ரீட்ல தாமஸ் மாரிஸ் டேவிஸ்ங்கறவர் 1904ல ஒரு சக்கரம் பண்ணினார். அந்தக் காலத்துக் காருங்களுக்கு மாத்துச் சக்கரமே கிடையாது. ரோடு முழுக்க குதிரை லாட ஆணி. பஞ்சர் ஆச்சுன்னா ரோட்டோரமா உக்காந்து டயரைக் கழட்டி, டியூபை ஒட்டி, காத்தடிச்சு, திரும்ப மாட்டணும். டேவிஸ் பண்ணினது ஆரக்கம்பி இல்லாத ஒரு வெறும் வளையம், மேல காத்தடிச்ச டயர். பஞ்சர் ஆன சக்கரத்தோட பக்கவாட்டுல அதைக் கவ்வ வச்சுட்டு ஓட்டிக்கிட்டே போயிடலாம். உலகம் முழுக்க வித்துச்சு. அந்தச் சரக்கு மறைஞ்சு பல காலம் ஆச்சு, பேர் மட்டும் இந்தியாவுல ஒட்டிக்கிச்சு. மால்டா தீவுலயும் அதே பேர்தானாம்.

ஏன் இதைச் சொல்றேன்னா, ஸ்டெப்னிங்கறது காரோட கூடவே பொறந்த உறுப்பு இல்ல. வழியில மாட்டிக்கிட்டு நொந்துபோன ஜனங்க காசு குடுத்து வாங்கிச் சேர்த்துக்கிட்டது. இப்ப நூறு வருஷம் கழிச்சு கம்பெனிக்காரங்க சத்தமில்லாம அதைக் கழட்டிட்டாங்க.

ஏன் கழட்டினாங்க?

ஏ.ஏ.ஏ.ன்னு இங்க ஒரு வாகன ஓட்டிகள் அமைப்பு இருக்கு. 2015ல அவங்க கணக்கெடுத்துப் பார்த்தப்ப, அந்த வருஷ மாடல்கள்ல மூணுல ஒண்ணுக்கு மேல ஸ்டெப்னி இல்லாமதான் வந்திருந்தது. கம்பெனிகள் சொன்ன காரணம் எடை. அந்த நேரத்துல அமெரிக்க அரசு மைலேஜ் விதியை இறுக்கிக்கிட்டிருந்தது. ஒரு சின்ன ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் சேர்த்து சுமார் 40 பவுண்ட், நம்ம கணக்குல 18 கிலோ.

சரி, நாமளும் என்ஜினியருங்கதானே, கணக்கு போட்டுப் பார்ப்போம். அமெரிக்க அரசோட எரிபொருள் சிக்கனக் குறிப்பு என்ன சொல்லுதுன்னா, காருல 100 பவுண்ட் கூடினா மைலேஜ் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். அப்ப 40 பவுண்டுக்கு 0.4 சதவீதம். வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டற கார், கேலனுக்கு 30 மைல் குடுத்தா 400 கேலன் பெட்ரோல். அதுல 0.4 சதவீதம்னா 1.6 கேலன். வருஷம் முழுசுக்கும் ரெண்டு கேலன் கூட இல்ல! ஒரு காப்பி, ஒரு டோனட் காசு.

ஆனா லட்சக்கணக்குல கார் விக்கற கம்பெனிக்கு அது வேற கணக்கு. ஒவ்வொரு காருலயும் ஒரு சக்கரம், ஒரு டயர், ஒரு ஜாக்கி மிச்சம். சராசரி மைலேஜும் ஒரு இழை ஏறும். லாபம் மொத்தமும் அவங்களுக்கு, ராத்திரி 9 மணிக்கு ரோட்டோரம் நிக்கறது நாம. எனக்கு உறுத்தறது இந்த இடம்தான்.

எலக்ட்ரிக் கார் கதை கொஞ்சம் வேற. அடிப்பக்கம் முழுக்க பேட்டரி, இடமும் இல்ல, எடையும் ஏற்கெனவே அதிகம். டெஸ்லா காருங்க எதுலயும் ஸ்டெப்னி வர்றதில்ல. அதுல ஒரு நியாயம் இருக்கு. ஆனா பெட்ரோல் செடானோட டிக்கியில, சக்கரம் வைக்கறதுக்குன்னே ஒரு வட்டக் குழி இருந்தும் அதுல தெர்மாகோல் வச்சு அனுப்பறாங்க பாருங்க, அதுக்கு என்ன சமாதானம் சொல்வீங்க?

பதிலுக்கு என்ன குடுக்கறாங்க?

ஒண்ணு, பாட்டில் மருந்து. ஒரு குட்டி கம்ப்ரசர், கூட ஒரு பாட்டில் பசை. டயர் வாய் வழியா பசையை உள்ள ஏத்தி, காத்தடிச்சு, மெதுவா கடைக்கு ஓட்டிட்டுப் போகணும். டயரோட தரையைத் தொடற பாகத்துல ஒரு ஆணி, திருகு குத்தினா இது வேலை செய்யும். ஓட்டை சுமார் 6 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். பக்கச் சுவர் கிழிஞ்சா, டயர் ரிம்மை விட்டு வெளிய வந்துட்டா, காத்து இல்லாம ரொம்ப தூரம் ஓட்டி டயர் நொறுங்கிட்டா, அந்தப் பாட்டிலை வச்சு கண்ணாடிதான் தொடைக்கணும். அந்தப் பசைக்கு காலாவதித் தேதியும் உண்டு. பத்து வருஷப் பழைய காரு வாங்கினீங்கன்னா உள்ள இருக்கற பாட்டிலும் பத்து வருஷப் பழசாத்தான் இருக்கும். பசை போட்ட டயரைப் பார்த்தா கடைக்காரன் முகம் சுளிக்கறதும் நடக்கும், சுத்தம் பண்ற வேலை அவனுக்குத்தானே.

ரெண்டு, ரன்-ஃப்ளாட் டயர். பக்கச் சுவர் கெட்டியா இருக்கும், காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடும். வழக்கமா சொல்ற அளவு மணிக்கு 50 மைல் வேகத்துல 50 மைல் தூரம். ஊருக்குள்ள அருமையான விஷயம். விலை கூட, காத்தில்லாம ஓட்டினதுக்கப்புறம் பெரும்பாலும் மாத்தித்தான் ஆகணும்.

மூணு, போன் நம்பர். "24 மணி நேரமும் ரோட்டோர உதவி." இதைப் பத்தி தனியா பேசணும், கொஞ்சம் பொறுங்க.

எங்க ஊர்ப் பக்கம் எப்படின்னா

மேற்கு டெக்சாஸுக்கு வந்த புதுசுல எனக்கு ஒரு ஆச்சரியம். நம்ம ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலம் இருக்கே, அதோட ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இங்க மெஸ்கீட்ங்கற பேர்ல ஊரெல்லாம் நிக்கறான். அதே முள்ளு, அதே பிடிவாதம். நெருஞ்சி முள்ளும் இருக்கு, சாட்சாத் நம்ம நெருஞ்சியேதான், இங்க அதுக்கு ஆட்டுத்தலைன்னு பேரு. கார் டயரை அது ஒண்ணும் பண்ணாது, சைக்கிள்ல கேம்பஸ் போறவங்களைக் கேட்டுப் பாருங்க, கண்ணீர் விடுவாங்க.

காருக்கு எமன் வேற. தெற்கால போனா பெர்மியன் பேசின், எண்ணெய்க் கிணறுங்க. ராத்திரி பகலா லாரி. லாரியிலேருந்து விழுந்த நட்டு, போல்ட்டு, இரும்புத் துண்டு, கிழிஞ்ச லாரி டயர் தோல், எல்லாம் ரோட்டுல கிடக்கும். வேக வரம்பு 75 மைல், ஐ-10 ரோட்டுல சில இடத்துல 80. அந்த வேகத்துல ஒரு இரும்புத் துண்டு மேல ஏறினா பாட்டில் மருந்து பேச்சுக்கே இடமில்ல.

தூரம்? லீவு விட்டா எங்க பசங்க எல்லாரும் போற இடம் பிக் பெண்ட் தேசியப் பூங்கா, மெக்சிகோ எல்லையில. இங்கேருந்து 300 மைலுக்கு மேல. கடைசியா மாரத்தான்னு ஒரு சின்ன ஊர், அங்கேருந்து பூங்கா அலுவலகத்துக்கு 70 மைல். நடுவுல கடை கிடையாது, வீடு கிடையாது, முக்கால்வாசி இடத்துல போன் சிக்னலும் கிடையாது. ரன்-ஃப்ளாட் டயர் 50 மைல் ஓடும்னு சொன்னேன் இல்லையா? கழிச்சுப் பாருங்க.

நடந்த கதை ஒண்ணு

2024 மார்ச், வசந்த கால லீவு. அறைத்தோழனோட செடான்ல நாலு பேர் பிக் பெண்ட் போனோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பறப்போ, பூங்காவைத் தாண்டி யு.எஸ். 385ல, ரோட்டோரம் ஒதுங்கின இடத்துல கூர்க்கல்லு ஒண்ணு பின் டயரோட பக்கச் சுவரைக் கிழிச்சிருச்சு. ரெண்டு விரல் உள்ள போற அளவுக்குக் கிழிசல். டிக்கியைத் திறந்தா பாட்டிலும் கம்ப்ரசரும். அவன் அந்தக் காரை ஒரு டீலர்கிட்ட வாங்கினான், வாங்கும்போது இதைப் பத்தி ஒரு வார்த்தை யாரும் சொல்லல.

சிக்னல் இல்ல. முக்கால் மணி நேரத்துல மூணு வண்டி போச்சு. நாலாவதா வந்த பிக்கப்ல ஒரு பெரியவர், பக்கத்துப் பண்ணைக்காரர், நிறுத்தினார். டயரைப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார், தொப்பியைக் கழட்டி தலையைச் சொறிஞ்சார். அவரோட ஜாக்கி இருக்கு, ஸ்பேனர் இருக்கு, ஆள்பலம் அஞ்சு பேர் இருக்கோம், மாட்டறதுக்குச் சக்கரம்தான் இல்ல. எங்கள்ல ரெண்டு பேரை மாரத்தான் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். காசு குடுத்ததுக்கு வாங்கல. நல்லா இருக்கட்டும் மனுஷன்.

அங்கேருந்து போன் போட்டு, இழுவை வண்டி வந்து, ஆல்பைன் ஊர் போய்ச் சேரும்போது ராத்திரி 11. ஞாயித்துக்கிழமை, டயர் கடை எல்லாம் மூடியாச்சு. ரெண்டு ரூம் போட்டுத் தங்கினோம். திங்கள் காலையில கடையில அந்த சைஸ் டயர் இல்ல, மத்தியானம் வேற ஊர்லேருந்து வந்தது. காப்பீட்டோட ரோட்டோர உதவி முதல் 15 மைல்தான் இலவசமாம், மிச்சத்துக்கு நாங்க.

செலவு: இழுவை 340, ரூம் 190, டயர் 175. மொத்தம் 705 டாலர், தலைக்கு 176. கேம்பஸ் வேலையில மணிக்கு 10 டாலர், எஃப்-1 விசாவுல படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆக, ஒரு வாரச் சம்பளம் அப்படியே போச்சு. காசு போனாப் போகுது. நாலு பேர்ல ஒருத்திக்குத் திங்கள் காலையில மிட்டெர்ம். புரொபசருக்கு மெயில் போட்டு, இழுவை வண்டி ரசீதைப் படம் எடுத்து அனுப்பி, மூணு நாள் பதில் வராம அவ பட்ட பாடு இருக்கே! நல்ல வேளை, மறு தேர்வு குடுத்தாங்க.

மறுவாரமே அறைத்தோழன் பழைய கார் உடைக்கற யார்டுக்குப் போய் அதே மாடல் காரோட சின்ன ஸ்டெப்னியும் ஜாக்கியும் 60 டாலருக்கு வாங்கிட்டு வந்தான். குழியில கச்சிதமா உக்காந்தது. ஏன் உக்காராது, அதுக்குத்தானே குழி!

எதிர்க்கட்சி என்ன சொல்லுது?

இதைப் பேசினா நம்ம பசங்க சொல்ற பதில் நாலு. ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

"ரோட்டோர உதவிக்குப் பணம் கட்டியிருக்கேன், எனக்கெதுக்கு ஸ்டெப்னி?" இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. உதவிக்கு வர்றவர் சக்கரம் கொண்டு வரமாட்டார். டயர் மாத்தித் தர்றோம்னு அவங்க சொல்றதுக்கு அர்த்தம், உன் டிக்கியில இருக்கற சக்கரத்தை மாட்டித் தர்றோம்னுதான். அது இல்லேன்னா வண்டியை ஏத்தி இழுத்துட்டுப் போறதுதான் வழி. அதாவது, ஸ்டெப்னி இருந்தா கால் மணி நேர வேலை, இல்லாட்டி ஒரு நாள் வேலை. உங்க உறுப்பினர் அட்டைக்கு மதிப்பு வர்றதே ஸ்டெப்னியாலதான்.

"ஹைவேயில இறங்கி டயர் மாத்தறது ஆபத்து." இதை நான் முழு மனசோட ஒத்துக்கறேன். லாரிங்க 75 மைல்ல உரசிட்டுப் போற ஓரத்துல குந்தி உக்காந்து நட்டு கழட்டறது வீரம் கிடையாது. விளக்கு போட்டு நிக்கற அவசர உதவி வண்டியைப் பார்த்தா ஒதுங்கிப் போகணும்னு அமெரிக்காவுல 50 மாநிலத்துலயும் சட்டம் இருக்கு, ஆனா எல்லாரும் ஒதுங்கறாங்களா என்ன? இடப்பக்க ஓரம், வளைவு, பாலம், இருட்டு இதுல எது இருந்தாலும் கீழ இறங்கி மாத்தாதீங்க. ஹசார்ட் லைட்டைப் போட்டு, 10 மைல் வேகத்துல உருட்டிக்கிட்டே அடுத்த எக்ஸிட் வரைக்கும் போங்க. டயர் போகும், ரிம் கூடப் போகலாம், போகட்டும். ஆனா எக்ஸிட்ல இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினதுக்கப்புறம்? அங்கயும் மாட்டறதுக்கு ஒரு சக்கரம் வேணும் இல்லையா?

"எனக்கு மாத்தத் தெரியாது." நியாயம். நம்ம ஊர்ல யார் மாத்தினா? ஊருக்கு ஊர் நுழைவாயில்ல ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டு ஒரு பஞ்சர் கடை. ராத்திரி 10 மணிக்குப் போனாலும் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு அண்ணன் எழுந்து வருவார். அப்படி ஒரு வசதியில வளர்ந்தவங்க நாம. ஆனா கத்துக்கறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும். பலம் வேணும்னு நினைக்கற தோழிகளுக்கு ஒரு பிசிக்ஸ் பாடம்: பெரும்பாலான காருங்கள்ல சக்கர நட்டோட இறுக்கம் சுமார் 110 நியூட்டன் மீட்டர். 50 கிலோ எடையுள்ள ஒருத்தர் 30 சென்டிமீட்டர் ஸ்பேனரோட நுனியில ஏறி நின்னா 147 நியூட்டன் மீட்டர். நட்டு தானா கழண்டு வரும். கடைக்காரன் மெஷின்ல கன்னாபின்னான்னு இறுக்கியிருந்தாத்தான் கஷ்டம், அதையும் வீட்டு வாசல்லயே ஒரு தடவை கழட்டிப் பார்த்துட்டா தெரிஞ்சுடும்.

"இந்தியாவுலயே இப்ப ஸ்டெப்னி கட்டாயம் இல்லையே?" ஆமா, 2020ல மோட்டார் வாகன விதியைத் திருத்தினாங்க. டிரைவரோட சேர்த்து 9 பேர் வரைக்கும் போற, 3.5 டன்னுக்கு மேற்படாத கார்ல, டயர் காத்தைச் சொல்ற சென்சாரும் டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் குடுத்தா ஸ்டெப்னி குடுக்க வேண்டியதில்ல. சரிதான். ஆனா அந்தக் கிட்டுக்குப் பின்னாடி மேல சொன்ன லுங்கி அண்ணன் நிக்கறார். அவர்தான் நிஜ ஸ்டெப்னி. அவரை இங்க யாரும் குடுக்கல.

சரி, என்ன பண்ணணும்?

1. இன்னைக்கே டிக்கி கம்பளத்தைத் தூக்கிப் பாருங்க. மூணுல ஒண்ணு இருக்கும்: சக்கரம், பாட்டில், இல்லேன்னா வெறும் குழி. சின்ன ஸ்டெப்னி வந்த மாடலாவே இருந்தாலும், முன்னாடி வச்சிருந்தவர் எடுத்து உபயோகிச்சுட்டு திரும்ப வைக்காம விட்டிருக்கலாம்.

2. சக்கரம் இருந்தா காத்தைப் பாருங்க. சின்ன ஸ்டெப்னிக்கு வழக்கமா 60 பி.எஸ்.ஐ. வேணும், மத்த டயர் மாதிரி 32, 33 கிடையாது. அமெரிக்காவுல 2008 மாடல்லேருந்து எல்லாக் காருலயும் காத்து குறைஞ்சா விளக்கு எரியணும்னு சட்டம், ஆனா சின்ன ஸ்டெப்னிக்குள்ள பொதுவா சென்சார் இருக்காது. அது செத்துப் போனா சொல்ல ஆள் இல்ல, நீங்கதான் எட்டிப் பார்க்கணும்.

3. வயசைப் பாருங்க. டயர் பக்கத்துல ஒரு எண் வரிசை இருக்கும், அதுல கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த தேதி. 2315ன்னு இருந்தா 2015ஆம் வருஷம் 23ஆவது வாரம். பத்து வருஷம் தாண்டினது ஓடாத டயரா இருந்தாலும் நம்பாதீங்க. ரப்பர் சும்மா இருந்தாலும் கிழடு தட்டும்.

4. ஜாக்கி, ஸ்பேனர், பூட்டு நட்டு சாவி. சில காருங்கள்ல திருட்டுக்குப் பயந்து சக்கரத்துக்கு ஒரு பூட்டு நட்டு போட்டிருப்பாங்க, அதுக்குத் தனிச் சாவி. பழைய காருங்கள்ல முதல்ல காணாமப் போறது அதுதான். அது இல்லேன்னா தங்க ஸ்டெப்னி இருந்தும் புண்ணியமில்ல.

5. புதுசா வாங்கறதா இருந்தா அதே மாடல், பக்கத்து வருஷம் பாருங்க. நட்டு எத்தனை, நட்டுங்களோட இடைவெளி எவ்வளவு, நடு ஓட்டை எவ்வளவு, மூணும் ஒத்துப் போகணும். டயரோட மொத்த உயரமும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். யார்டுக்காரன் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ங்கற ரீதியில பேசுவான், நம்பாதீங்க.

6. மாட்டற முறை: சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டைத் தளர்த்தணும். அப்புறம்தான் ஜாக்கி, அதுவும் மேனுவல்ல காட்டின இடத்துல மட்டும். ஜாக்கி மேல நிக்கற காருக்கு அடியில கையோ தலையோ போகக் கூடாது. மாட்டும்போது நட்டுங்களை எதிரெதிரா, நட்சத்திரம் போடற மாதிரி இறுக்கணும். இறக்கினதும் இன்னொரு தடவை.

7. சின்ன ஸ்டெப்னி போட்டா மணிக்கு 50 மைலுக்கு மேல போகாதீங்க. அதுலயே அடுத்த மாசம் வரைக்கும் ஓட்டற மகானுபாவர்கள் நம்மள்ல நிறைய பேர் இருக்காங்க. அது கட்டு போட்ட கால். வீட்டுக்கோ டயர் கடைக்கோ போறதுக்குத்தான், மாரத்தான் ஓடறதுக்கு இல்ல.

கடைசியா, வித்துட்டுப் போறவங்களுக்கு

எங்க ஊர்ல கார் ஒரே ஆள்கிட்ட ரெண்டு வருஷத்துக்கு மேல தங்கறதில்ல. டிகிரி முடிச்சதும், வேலை கிடைச்ச ஊருக்கு ஃப்ளைட் பிடிக்கறதுக்கு முன்னாடி, சீனியர் ஜூனியர் தலையில கட்டிட்டுப் போவார். அதே கார் நாலு பேட்ச் கை மாறும். ஒவ்வொரு கையிலயும் ஒரு சாமான் குறையும். முதல் ஆள்கிட்ட மேனுவல் போகும், ரெண்டாவது ஆள்கிட்ட பூட்டு நட்டு சாவி போகும், மூணாவது ஆள் ஸ்டெப்னியை மாட்டிட்டு கிழிஞ்ச டயரைக் கடையிலேயே விட்டுட்டு வந்திருப்பார். நாலாவதா வாங்கற பையன் ஊர்லேருந்து வந்து மூணு மாசம்தான் ஆகியிருக்கும். லைசன்ஸ் வாங்கினதே போன வாரமா இருக்கும். பஞ்சர் ஆனா கூப்பிடறதுக்கு இந்த நாட்டுல அவனுக்கு மாமா, சித்தப்பான்னு யாரும் இல்ல. தெரிஞ்ச ஒரே நம்பர் காரை வித்த உங்க நம்பர்தான், நீங்களோ அப்ப சியாட்டில்ல மீட்டிங்ல இருப்பீங்க.

அதனால அண்ணன்மாரே, அக்காமாரே, மே மாசம் காரை விக்கறப்ப கழுவிப் பாலிஷ் போடறது இருக்கட்டும். 60 டாலர் போட்டு ஒரு ஸ்டெப்னி வாங்கி அந்தக் குழியில வைங்க, காத்து 60 இருக்கான்னு பாருங்க, வேணும்னா அந்தக் காசையும் விலையில சேர்த்துச் சொல்லுங்க, தப்பே இல்ல. சாவியைக் கையில குடுக்கும்போது டிக்கியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இங்க இருக்கு பாரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.